மழைத்தண்ணிக்குக் காப்பீடு இல்லையாம்: 4,20,000 ரூபாய் போச்சு

வெளிநாட்டுக்கு அரிசி ஏத்துற டெல்டா ஆலைக்காரங்க, மண்டிக்காரங்க எல்லாரும் இதைப் படிச்சுட்டுப் போங்க. சூடு ஆறாம எழுதுறேன், முன்னபின்ன இருக்கும். பாலிசியில எதையெல்லாம் பார்க்கணும்னு கடைசியில சுருக்கமா சொல்றேன்.

மன்னார்குடி பக்கத்துல இருந்து சிங்கப்பூருக்கு ஒரு இருபதடி கன்டெய்னர். பொன்னி புழுங்கல், 50 கிலோ மூட்டை 500, மொத்தம் 25 டன். சிஐஎஃப் விலை, அதாவது கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நம்ம தலையில. வாங்குறவர் ஒப்பந்தத்துலயே 'ஏ' ஷரத்து, அதாவது சரக்கு இன்சூரன்ஸ்ல ஏ, பி, சி மூணுல அதிகமா காப்பாத்துறது, வேணும்னு எழுதியிருந்தார். ஐப்பசி அடைமழையில டிரெய்லர் தூத்துக்குடி போச்சு, யார்டுலயும் மழையிலதான் நின்னுச்சு. சிங்கப்பூர்ல கதவைத் திறந்தா 210 மூட்டை நனைஞ்சு பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு. கூரைத்தகடு மூலையில துரு தின்ன ஓட்டை. பத்தரை டன், கிலோ 40 ரூபாய்னா 4,20,000.

பாலிசி எடுத்தது, அஞ்சு நிமிஷத்துல கையில தர்றோம்னு விளம்பரம் பண்ற ஒரு ஆன்லைன் தளத்துல. "ஏ ஷரத்துதானே தம்பி?"ன்னு போன்ல கேட்டதுக்கு, "ஃபுல் கவர் அண்ணே, வீட்டுல இருந்து வீடு வரைக்கும் எல்லாமே வரும், நிம்மதியா ஏத்துங்க"ன்னான். அந்தப் பேச்சை நம்பித்தான் பணம் கட்டுனது. வந்த பாலிசியோட பின்பக்கத்துல பொடி எழுத்துல ஒட்டியிருந்தது 'பி'. ரெண்டுக்கும் பிரீமியம் வித்தியாசம் ஆயிரம் ரூபாய்கூட வராது.

இந்த இடத்தை நிதானமா படிங்க. இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ்னு சொல்ற இந்த ஏ, பி, சி ஷரத்துகள்ல 'சி'தான் குறைஞ்சது: தீ, கப்பல் தரைதட்டுறது, மூழ்குறது, மோதல், லாரி கவிழ்றது, கப்பலைக் காப்பாத்த சரக்கைக் கடல்ல தள்றது, இந்த மாதிரி பெரிய விபத்துகள்தான். சிஐஎஃப்ல வேற எதுவும் எழுதலைன்னா 'சி'யே போதும்னு விதி, அதான் ஏமாத்த வசதி. 'பி'யில நிலநடுக்கம், மின்னல், கப்பல்ல ஏத்தி இறக்கும்போது ஒரு மூட்டை முழுசா விழுந்து போறது எல்லாம் சேரும். தண்ணியும் சேரும். ஆனா கடல், ஏரி, ஆத்துத் தண்ணி கன்டெய்னருக்குள்ள புகுந்தா மட்டும். மழை அந்த வரியிலயே கிடையாது. கொள்ளிடம் உடைச்சுக்கிட்டு வந்து நனைச்சா பணம் உண்டு, ஐப்பசி மழை நனைச்சா கிடையாது! 'ஏ'ன்னா விலக்குன்னு எழுதினது தவிர எல்லா எதிர்பாராத சேதமும் வரும்.

சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதுற சர்வேயர் என்ன பண்ணுவார்னா, ஈரக்கறை மேல சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுவார். உப்புத்தண்ணின்னா பால் மாதிரி வெள்ளையாகும். அறிக்கையில இருக்குற படத்துல சொட்டு தெளிவா அப்படியே நிக்குது. நல்ல தண்ணி, அதனால மழை, அதனால கிளெய்ம் தள்ளுபடி. 'ஏ' கேட்டு 'பி' வந்ததால வாங்குறவர் 4,20,000-ஐ நம்ம பில்லுலயே கழிச்சுட்டார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது.

தளத்துல கேட்டா "உங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது". மறுபடி கேட்டா அதே வரி. 'அண்ணே'ன்னு பேசின பையன் நம்பரை எடுக்கவே இல்லை. வேற ஒருத்தர் பேசி, "படிச்சுட்டுத்தானே ஓகே அழுத்துனீங்க சார்?"ங்கிறார். ஓகே அழுத்துற பக்கத்துல ஷரத்தோட எழுத்தே இல்லையேன்னா, லைன் கட். 4,20,000 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

விவரமா எழுத இப்ப கை ஓடல. அவசரத்துக்கு இது:

போன்ல சொன்னதை மெயில்ல வாங்குங்க. சரக்கு கிளம்புறதுக்கு முன்னாடி பாலிசியில ஏ, பி, சி எந்த எழுத்துன்னு கண்ணால பாருங்க.

காலி கன்டெய்னர் வந்ததும் ஒரு ஆளை உள்ள விட்டுக் கதவைச் சாத்துங்க. எங்கயாவது வெளிச்சம் ஊசி முனை அளவு தெரிஞ்சாலும் திருப்பி அனுப்புங்க. ஓட்டை தெரிஞ்சும் நீங்களே ஏத்தினதுன்னு ஆச்சுன்னா 'ஏ'யும் கைவிடும்.

ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள்ள இருக்குன்னு மூட்டை ஏத்துற அன்னைக்கே சர்டிபிகேட் எடுங்க. இல்லைன்னா சரக்கோட சொந்தக் குணத்தால கெட்டதுன்னு எழுதிடுவாங்க, அது 'ஏ'யிலயும் விலக்கு.

சேதம்னா வாங்குறவரைக் கப்பல் கம்பெனிக்கு உடனே எழுத்துல நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்க. வெளிய தெரியாத சேதத்துக்கு டெலிவரி எடுத்து மூணு நாள்தான்.

தனிநபர் நிறுவனம், குறுந்தொழில்னா இன்சூரன்ஸ் கம்பெனி மேல சென்னையில இருக்குற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட, அதாவது குறைதீர்ப்பு அதிகாரிகிட்ட போகலாம், காரைக்கால்காரங்களுக்கும் அதே ஆபீஸ்தான். முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுத்து ஒரு மாசம் பாருங்க.