"கொட்டக் கொட்டப் பழகிடும்" என்பதை நம்பி உயிரை விடப் பார்த்தேன்: தேனீப் பெட்டி இருக்கும் வீட்டார் படியுங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அதில் பத்து தேனீப் பெட்டி வைத்தார். பெட்டி விற்றவரே ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் சொன்ன வார்த்தையை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் வேறு பலர் வாயிலும் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன்: "கொட்டக் கொட்டப் பழகிடும்."

என் வீட்டுக்காரருக்கு அது பலித்தது. பெட்டி திறக்கிற நாளெல்லாம் நாலைந்து கொட்டு வாங்குவார். முதல் வருஷம் கை பொதபொதவென்று வீங்கியது, இப்போது கொசு கடித்த மாதிரி தட்டிவிட்டுப் போகிறார். நான் பெட்டிப் பக்கம் போனதே இல்லை. ஆனால் அவர் சட்டையைத் துவைப்பது நான், முகவலையை உதறி மடிப்பது நான். மடிப்பில் ஒளிந்து வருகிற ஏதோ ஒரு ஈ வருஷத்துக்கு நாலைந்து தடவை எனக்கும் கொட்டிவிடும்.

போன வருஷம் தை மாதம், மா பூத்திருந்த சமயம், துணி அலசும்போது மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. அத்தை சுண்ணாம்பு எடுத்து வந்து தடவினார். பத்து நிமிஷத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பித்தன. அப்புறம் வயிறு, தொடை, முதுகு எங்கும் தடிப்பு. கொட்டிய இடம் வீங்குவது எல்லோருக்கும் வருவது. கொட்டாத இடத்தில் தடிப்பு வந்தால் அது வேறு சங்கதி, உடம்பு முழுக்க நஞ்சுக்கு எதிராகக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு இதைச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை.

பெட்டி விற்றவருக்குத்தான் போன் பண்ணினோம். "பயப்படாதீங்க தங்கச்சி, உடம்புச் சூடு வெளிய வருது. வாரம் ஒரு தரம் நம்ம இடத்துக்கு வாங்க, ரெண்டு ரெண்டு தேனீ வச்சுக் கொட்ட விடறேன். ரத்தம் பழகிடும், கை கால் வலியும் போயிடும்" என்றார். ஒரு தடவைக்கு 300 ரூபாய். சரி, தேனீயோடு பிழைக்கிறவர், தெரியாமலா சொல்வார் என்று போனேன். முதல் மூன்று வாரம் லேசான அரிப்போடு போயிற்று. அதைக் காட்டி, "பாத்தீங்களா, பழகுது" என்றார்.

நாலாவது வாரம் முன்கையில் ஒன்று, தோளில் ஒன்று வைத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, காது இரண்டும் நெருப்பாகச் சுட்டன. வயிற்றைப் பிசைந்தது. தொண்டையில் எதையோ வைத்து அடைத்த மாதிரி, பேசினால் குரல் கரகரத்தது. செத்துவிடுவேன் என்று உள்ளுக்குள் நிச்சயமாகத் தெரிந்தது, அதை எப்படி விளக்குவது என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆள் தண்ணீர் தெளித்து, எழுந்து நடக்கச் சொன்னார். நடந்தேன், கண் இருட்டி விழுந்தேன். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்து ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் தாழ்ந்தவரை நிமிர்த்தவே கூடாதாம். படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும், மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம்.

கிளினிக்கில் ஏவில் என்ற அலர்ஜி ஊசி ஒன்று, டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்று. ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் தடிப்பு அடங்கியதும், "அலர்ஜிதான்மா, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரவு ஒரு மணிக்கு எல்லாம் திரும்பி வந்தது, முதல் தடவையை விட மோசமாக. 108-ல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதும் பணியில் இருந்த டாக்டரம்மா வேறு எதையும் யோசிக்கவில்லை, தொடையில் அட்ரினலின் போட்டார். சில நிமிஷத்தில் மூச்சு திறந்தது. ஏவில் அரிப்பை அடக்கும், டெக்ஸா வேலை செய்யவே மணிக்கணக்காகும். அடைத்த தொண்டையையும் விழுந்த ரத்த அழுத்தத்தையும் மீட்கும் மருந்து அட்ரினலின்தான். அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்பதால் ஆளைக் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். இதைத்தான் அந்த கிளினிக் செய்யவில்லை.

அப்புறம் பெங்களூரில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டதே, "வீட்டில் தேனீ வளர்க்கிறவர் யார்?" என்றுதான். வளர்க்கிறவரை விட, அவர் வீட்டார்தான் ஒரு விதத்தில் ஆபத்தில் இருக்கிறார்களாம். வருஷத்துக்கு 200 கொட்டுக்கு மேல் வாங்குகிறவர் உடம்பில் ஐஜிஜி4 என்ற காப்புப் புரதம் சேர்ந்துவிடுகிறது. அவர்களிடம் ஒவ்வாமை குறைவு. 25-க்குக் கீழே, எப்போதோ ஒன்று என்று கொட்டு வாங்குகிறவர்களிடம்தான் ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் வளர்ந்து நிற்கிறது. வேலை உடுப்பிலும் பெட்டித் தூசியிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் நஞ்சுகூட இதற்குக் காரணமாகலாம் என்றார். நான் துவைத்த சட்டைகள் எல்லாம் கண் முன்னால் வந்தன.

பழக்குவது என்ற வைத்தியம் உண்மையில் இருக்கிறது. சுத்திகரித்த நஞ்சை மிக மிகக் குறைந்த அளவில் தொடங்கி, அட்ரினலின் கையில் வைத்துக்கொண்டு, டாக்டர் கண் முன்னால் மூன்று முதல் ஐந்து வருஷம் போடுகிற ஊசி அது. உயிருள்ள ஈ எவ்வளவு நஞ்சை இறக்கும் என்பதை யாரும் அளக்க முடியாது. ஸ்பெயினில் 55 வயதுப் பெண் ஒருவர் இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாமல் தேனீக் கொட்டு வைத்தியம் செய்துகொண்டவர். ஒரு நாள் ஒரே கொட்டில் சாய்ந்து, பிறகு இறந்துபோனார். 2018-ல் அது மருத்துவ இதழில் வந்தது. மூன்று வாரம் தாங்கிய என்னைக் காட்டி "பழகுது" என்று சொன்ன ஆளை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

இப்போது எங்கள் வீட்டில் வேலை உடுப்பு வாசலைத் தாண்டி உள்ளே வராது. தோப்பிலேயே உதறி, அவரே தனியாகத் துவைக்கிறார். கொட்டினால் சுண்ணாம்பு தேடாமல் கொடுக்கை அந்த நொடியே எடுக்கிறோம், நகத்தால் சுரண்டினாலும் சரி, பிடுங்கினாலும் சரி. பிய்ந்து ஒட்டிய நஞ்சுப் பை தோலுக்குள் நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசி வெயில் படாத இடத்தில் இருக்கிறது, என் அளவை டப்பாமேல் எழுதி ஒட்டியிருக்கிறோம். அத்தைக்கு பிரஷருக்கான பீட்டா பிளாக்கர் மாத்திரை ஓடுகிறது. அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதால் அவரும் தோப்புப் பக்கம் வருவதில்லை.

அந்தப் பெட்டிக்காரர் இந்த மாம்பூ சமயத்திலும் பயிற்சி நடத்துகிறார், ஈ வைத்தும் விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "உங்க உடம்பு அப்படி" என்றார். உங்கள் வீட்டில் யாருக்காவது கொட்டாத இடத்தில் ஒரு தடவை தடிப்பு வந்திருந்தாலும், இந்த மாதிரி ஆட்களிடம் கையை நீட்டாதீர்கள். அடுத்த பெட்டி திறப்பதற்குள் அலர்ஜி டாக்டரைப் பாருங்கள்.