ஏஸ் பிட்சரை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு இளம் வீரர்களை வாங்குவதா?

நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஃபேன்டசி பேஸ்பால் லீக் நடத்துகிறோம்; நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடும் போட்டி அது. அதில் போன மாதம் என் ஏஸை, அதாவது முதல் நம்பர் பிட்சரை (பந்து வீசுபவரை), கொடுத்துவிட்டேன். பதிலுக்கு வந்தது, மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் ஆடும் மூன்று பையன்கள். எங்கள் லீக்கில் ஒப்பந்த ஆண்டுகள் உண்டு. அவருக்கு இன்னும் இரண்டு சீசன் மீதி இருந்தது. முடிவெடுக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நிஜ அணிகள் செய்த பழைய டிரேடுகளை, அதாவது வீரர் பரிமாற்றங்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஏஸ் கையில் இருந்தால் என்ன லாபம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2018 உலகத் தொடரின் (மேஜர் லீக் இறுதிப் போட்டியின்) ஐந்தாவது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டனுக்காகக் கிறிஸ் சேல் இறங்கி மூன்று பேரையும் ஸ்டிரைக்-அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றினார். கடைசிப் பந்தில் எதிரணி பேட்டர் மச்சாடோ மட்டையைச் சுழற்றிய வேகத்தில் ஒரு முழங்கால் மண்ணில் பதிந்தது. அந்தக் கோப்பைக்காகத்தான் 2016 டிசம்பரில் பாஸ்டன், சேலை வாங்க, நான்கு இளம் வீரர்களைச் சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்தது.

ஆனாலும் நான் கொடுக்கும் பக்கம்தான். காரணம் ஒன்றே ஒன்று: ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மீதி இருக்கிறது என்பது. வாங்குகிற அணி பிட்சரின் கைக்கு மட்டும் விலை தருவதில்லை, அந்தக் கை எத்தனை சீசன் தன்னிடம் இருக்கும் என்பதற்கும் சேர்த்துத்தான் தருகிறது. சேலுக்கு அப்போது குறைந்த சம்பளத்தில் மூன்று சீசன் மீதி. அதனால்தான் மைனர் லீக்கிலேயே முதலிடத்தில் மதிப்பிடப்பட்ட யோவான் மொன்காடாவைச் சிகாகோ கேட்டு வாங்க முடிந்தது.

இதற்கு நேர் எதிர் யோஹன் சாந்தானா. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கியவர். ஒரே ஒரு வருடம் மீதி இருந்தபோது, 2008 தொடக்கத்தில், மின்னசோட்டா அவரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்தது. வந்த நால்வரில் ஒருவரும் அங்கே நிலைக்கவில்லை. அவர்களில் கார்லோஸ் கோமஸ் பெரிய ஆளானது பிறகு மில்வாக்கியில்தான். சாந்தானாவைவிடப் பெரிய பிட்சர் என்று சொல்ல முடியாத பார்டோலோ கொலோனை, மறு சீசனும் மீதி இருந்தபோது, 2002 ஜூனிலேயே கிளீவ்லாந்து மாண்ட்ரியலுக்குக் கொடுத்தது. கிடைத்தவர்களில் கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் பிலிப்ஸ் மூவரும் இருந்தார்கள்! மாண்ட்ரியல் அந்த வருடம் பிளே-ஆஃபுக்கே போகவில்லை.

என் பிட்சருக்கும் அடுத்த வருடம் இதே விலை கிடைக்காது. நடுவில் முழங்கை போனால் விலையே கிடையாது.

அப்புறம், இளம் வீரர்களும் உத்தரவாதம் இல்லை. சேலுக்குப் பதிலாக வந்த பிட்சர் மைக்கேல் கோபெக் 2018 ஆகஸ்டில் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடினார். மழை வந்து இரண்டு இன்னிங்ஸோடு நின்றது. அடுத்த மாதமே முழங்கைத் தசைநார் கிழிந்து அதைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. சிகாகோ 2021-இல் தன் பிரிவை வென்றது, ஆனால் 2024-இல் 121 ஆட்டம் தோற்றது. அதே 2024-இல் சேல், 35 வயதில், அட்லாண்டாவுக்காக 18 வெற்றியும் சை யங்கும் வாங்கினார். அந்த டிரேடில் யாருக்கு லாபம் என்று கேட்டால், கோப்பை பாஸ்டனிடம் என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

என் அனுபவமும் சின்னது. எனக்கு மைதானத்தில் டிக்கெட் விற்கிற கவலை இல்லை, ஏஸின் பெயர் போட்ட சட்டையோடு வரும் குழந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. வாங்கிய மூவரும் இன்னும் மேஜர் லீக் பந்து ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கோபெக்கை நினைத்துப் பிடிவாதமாக இருந்தேன். மூன்றாவது ஆளாகப் பிட்சரைத்தான் தருவேன் என்றார் நண்பர். வேண்டாம், அந்த ஷார்ட்ஸ்டாப்பைக் (உள்வட்ட ஃபீல்டரைக்) கொடுங்கள் என்று கெடு முடிகிற இரவு பதினொன்றரை வரை பேரம் பேசினேன். புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் என் நான்காவது சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் சரி என்றார்.