சூரிச்சில் ஜோடியாக ஒரு மாலை: காசு கரையாமல் எங்கே போகலாம்?

சூரிச்சில் இரண்டு பேர் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு தட்டும் குடிக்க ஏதாவதும் சொன்னால் 80 பிராங்க் போனதே தெரியாது. இரண்டு காபிக்கே 10 பிராங்க் தாண்டும். குழாய்த் தண்ணீருக்கும் பில் போடும் இடங்கள் உண்டு. ஆனால் ஊரின் அழகான இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வாசலில் யாரும் காசு கேட்பதில்லை. ஏரிக்கரை, ஆற்றங்கரை, மலை, தோட்டம் எல்லாம் சும்மா. காசு கரைவது நாற்காலிக்கும் கோப்பைக்கும்தான். அதனால் இந்த ஒப்பீட்டில் நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்க்கவில்லை. எந்த இடம் எந்த நேரத்தில் பலன் தரும், எங்கே போனால் பை தானாகத் திறந்துகொள்ளும் என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்திருக்கிறோம்.

முதலில் டிக்கெட்

சூரிச் நகரம் முழுவதும் 110 என்ற ஒரே மண்டலம். அதற்குள் ட்ராம், பஸ், ரயில், படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் போதும். ஒரு மணி நேர டிக்கெட் இரண்டின் விலைதான் 24 மணி நேர டிக்கெட்டின் விலை; முழுக் கட்டணம் 9 பிராங்கைச் சற்றுத் தாண்டும். போக ஒன்று, வர ஒன்று என்று எடுப்பவர்கள் ஒரு நாள் டிக்கெட்டின் காசைக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரத்தை வாங்குகிறார்கள். இன்னொரு விஷயம், இது நள்ளிரவோடு முடிகிற டிக்கெட் இல்லை. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு எடுத்தால் ஞாயிறு மாலை 5 மணி வரை செல்லும். சனி இரவு ஒரு சந்திப்பு, ஞாயிறு பகலில் ஒரு படகு, இரண்டும் ஒரே டிக்கெட்டில் அடங்கிவிடும். ஹால்ப்டாக்ஸ் எனும் அரைக் கட்டண அட்டை இருந்தால் விலை இன்னும் குறையும், ஆனால் சரிபாதி ஆகாது.

கிழக்குக் கரையா, மேற்குக் கரையா?

இரண்டுமே இலவசம், இரண்டிலும் புல்வெளியும் பெஞ்சும் உண்டு. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. அஸ்தமனம் பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கரை. 2 அல்லது 4-ஆம் எண் ட்ராமில் ஹோஷ்காசே நிறுத்தத்தில் இறங்கி, ஏரியை நோக்கி நடந்தால் சூரிச்ஹோர்ன் பூங்கா. அங்கிருந்து பார்த்தால் எதிரே தண்ணீர், அதற்கப்பால் யூட்லிபெர்க் மலை, அதன் முதுகில் சூரியன்.

பலர் கோட்டை விடுவது நேரத்தில். போனில் அஸ்தமனம் 7 மணி 40 என்று இருக்கும். அதை நம்பி ஏழரைக்கு வந்து சேர்ந்தால் சூரியனைக் காணோம். ஏரி மட்டம் 406 மீட்டர், மலை உச்சி சுமார் 870 மீட்டர், இரண்டுக்கும் நடுவே சுமார் நாலரை கிலோமீட்டர்தான். அதனால் மார்ச், செப்டம்பர் மாதங்களில் போன் சொல்லும் நேரத்துக்கு அரை மணி முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஒரு மணி நேரம் முன்னதாக உட்கார்ந்துவிடுங்கள். ஜூனில் இந்தச் சிக்கல் குறைவு. அப்போது சூரியன் வடமேற்கே, நகரத்தின் பக்கமாக இறங்கும். ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

மேற்குக் கரையில், மித்தன்குவாய் பக்கம், மலை முதுகுக்குப் பின்னால் நெருங்கி நிற்பதால் வெயில் இன்னும் சீக்கிரம் போய்விடும். வசந்த காலத்தில் மெல்லிய சட்டையோடு போனவர்கள் ஆறு மணிக்கே நடுங்குவார்கள். அதற்குப் பதிலாகக் கிடைப்பது எதிர்க்கரை மீது விழும் மஞ்சள் வெயில். ஃபோன் எனப்படும் தெற்கத்திக் காற்று வீசும் நாளானால் ஏரியின் கோடியில் பனிமலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெரியும். சூரியன் மறைந்த பிறகும் சில நிமிடம் அவை இளஞ்சிவப்பாக இருக்கும். கூட்டமும் இந்தப் பக்கம் குறைவு. கோடை ஞாயிறு மாலைகளில் கிழக்குக் கரையில் ஊரே நடக்கும். எதிரே ஒரு சித்தப்பாவாவது வராமல் இருக்க மாட்டார். அது இடைஞ்சல் என்று நினைக்கும் ஜோடிக்கு மேற்குக் கரைதான் சரி.

சூரிச்ஹோர்னில் ஒரு கொசுறு உண்டு. ஜான் டிங்குவேலி செய்த ‘ஹெயுரேகா’ என்ற இரும்புச் சிற்பம் அங்கே நிற்கிறது. 1964 லோசான் கண்காட்சிக்காகச் செய்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நாளுக்கு மூன்று முறை சக்கரமும் கரண்டியும் சட்டியுமாகச் சில நிமிடம் ஆடும். எதற்கும் பயன்படாத இயந்திரம், பார்த்தால் சிரிப்பு வரும். முதல் சந்திப்பில் பேச்சு வராமல் திணறுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான துணை கிடைக்காது.

தண்ணீர் மேல் போவதென்றால்

மூன்று வழி உண்டு. மிதிபடகு மணிக்கணக்கில் வாடகை, மூன்றிலும் அதிகச் செலவு. வெயிலில் இருபது நிமிடம் மிதித்ததும் கால் வலிக்கும், மீதி நேரம் கடிகாரத்தைப் பார்ப்பதில் போகும். விட்டுவிடலாம்.

லிம்மாட் ஆற்றுப் படகு 110 மண்டல டிக்கெட்டிலேயே அடங்கும். தேசிய அருங்காட்சியகத்தின் அருகே ஏறினால் பழைய நகரத்தின் நடுவே ஊர்ந்து, ஏரிக்குள் நுழைந்து, சூரிச்ஹோர்ன் வரை போகும். பாலங்கள் தாழ்வாக இருப்பதால் படகும் தட்டையானது. பாலத்துக்கடியில் போகும்போது தலை இடிக்குமோ என்று இருவரும் சேர்ந்து குனிவது தனி வேடிக்கை. கண்ணாடிக் கூரை என்பதால் உச்சி வெயிலில் அடுப்புக்குள் இருப்பதுபோல் இருக்கும், மாலைப் படகே நல்லது. இது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். மழைக்குப் பிறகு ஆறு ஏறிவிட்டால் பாலத்தடியில் இடைவெளி போதாது, படகை நிறுத்திவிடுவார்கள். மே, ஜூனில் அடைமழை பெய்த மறுநாள் இதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாவது, பூர்க்லிபிளாட்ஸிலிருந்து புறப்படும் பெரிய கப்பலின் ஒன்றரை மணி நேரச் சுற்று. இதற்கும் போக்குவரத்து டிக்கெட்தான். எத்தனை மண்டலம் என்பதைச் செயலியில் பார்த்துவிட்டு ஏறுங்கள். மேல்தளத்தின் பின்பக்க பெஞ்சுகளில் காற்று குறைவு, அலை பிரிவதும் தெரியும். மேசை விரித்திருக்கும் பகுதியில் உட்கார்ந்தால் பரிமாறுபவர் வந்துவிடுவார். செலவு அங்கே தொடங்கும். காற்று உள்ள நாளில் ஆற்றுப் படகு, காற்றில்லாத தெளிந்த மாலையில் கப்பல் என்று வைத்துக்கொள்ளலாம்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க

லிண்டன்ஹோஃப் மேடு ஊர் நடுவிலேயே இருக்கிறது, இரவு பகல் எப்போதும் திறந்தது, இலவசம். அது கிழக்கே பார்த்தது. ஆகவே பிற்பகல் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து எதிர்க்கரையின் பழைய வீடுகள்மீது விழும். அஸ்தமனம் தேடி அங்கே போனால் கட்டடங்களின் பின்புறம்தான் தெரியும். அஸ்தமனத்துக்கு ஆற்றின் மறுபக்கம், ஈடிஹெச் பல்கலைக்கழகத்தின் முன்னால் உள்ள மேடை. அது மேற்கே பார்த்தது. கூரைகளும் கோபுரங்களும் அவற்றுக்குப் பின்னே மலையும் ஒரே பார்வையில் அடங்கும். 1889-இல் தொடங்கிய சிவப்பு இழுவை ரயில் சென்ட்ரல் என்ற சதுக்கத்திலிருந்து அங்கே ஏற்றிவிடும். அது இரவு ஓடாது, சனிக்கிழமை நேரமும் குறைவு, ஞாயிறு ஓடவே ஓடாது. இறங்கும்போது ட்ராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வரிசை இது: ஐந்து மணிக்கு லிண்டன்ஹோஃப், ஆற்றைக் கடந்து சந்துகளில் அலைந்து, வெயில் சாயும்போது மேடை. செலவு டிக்கெட் மட்டும்.

கிரோஸ்மூன்ஸ்டர் தேவாலயக் கோபுரத்துக்கு ஆளுக்கு 5 பிராங்க், 187 படி. படிக்கட்டு குறுகல், மேலே இடமும் குறுகல், மாலையில் மூடிவிடுவார்கள். மேற்சொன்ன இரண்டும் சும்மா கிடைக்கும்போது இதற்குக் காசு கொடுக்கத் தோன்றவில்லை.

யூட்லிபெர்க் வேறு கணக்கு. முதன்மை ரயில் நிலையத்திலிருந்து எஸ்10 ரயிலில் சுமார் 20 நிமிடம், பிறகு பத்து நிமிட ஏற்றம். 110-ஓடு 155 மண்டலமும் சேர்த்து வாங்க வேண்டும். நகர டிக்கெட்டோடு ஏறி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. அபராதம் கட்டினால் அன்றைய சிக்கனம் அத்தனையும் காற்றில் போச்சு. உச்சியிலுள்ள பார்வைக் கோபுரத்துக்கு 2 பிராங்க் நாணயம் கையில் இருக்கட்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை சூரிச் வாரக்கணக்கில் சாம்பல் மூட்டத்துக்கடியில் கிடக்கும். மூட்டத்தின் மேல்விளிம்பு 800 மீட்டருக்குக் கீழே இருக்கும் நாளில் மலை உச்சி அதற்கு மேலே, வெயிலில் நிற்கும். கீழே ஊர் இருந்த இடத்தில் வெண்பஞ்சுக் கடல். இந்த ஊரில் இந்தக் காசுக்கு இதற்கு ஈடான காட்சி கிடையாது. ஆனால் பீஸே எனும் வடகிழக்குக் காற்று பலமாக வீசினால் மூட்டம் ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஏறிவிடும். அன்றைக்கு மேலே போனால் ஈரமும் இருட்டும்தான். வானிலை அறிக்கையில் மூட்டத்தின் உயரத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அரை நாள் இருந்தால் அங்கிருந்தே கோள்களின் பாதை. யூட்லிபெர்க்கிலிருந்து ஃபெல்சனெக் பக்கமாக ஏறக்குறைய இரண்டு மணி நேர நடை. சூரியக் குடும்பத்தை நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கிப் பாதையில் வைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் கிலோமீட்டர். சூரியனிலிருந்து 150 மீட்டரில் பூமி, குறுக்களவு ஒன்றேகால் சென்டிமீட்டர். செவ்வாய் வரை நிமிடத்துக்கு ஒரு கோள் வரும். பிறகு வியாழனுக்கு அரைக் கிலோமீட்டருக்கு மேல், சனிக்கு அதற்குப் பின் இன்னும் அறுநூற்றைம்பது மீட்டர். அதன் பிறகு கிலோமீட்டர் கணக்கில் ஒன்றும் வராது; அந்த இடைவெளியில்தான் ஜோடிகள் மனம் விட்டுப் பேச ஆரம்பிக்கிறார்கள். ஃபெல்சனெக்கிலிருந்து கம்பிவட வண்டியில் அட்லிஸ்வில் இறங்கி எஸ்4 ரயில். டிக்கெட்டில் அந்த மண்டலமும் சேர வேண்டும். கம்பிவட வண்டி பராமரிப்புக்காக மூடும் நாட்கள் உண்டு. அதைப் பாராமல் போனால் இருட்டில் காட்டு வழியே இறங்க வேண்டியிருக்கும்.

குளிப்பது

நகரத்தின் கட்டணக் குளியலிடங்களில் பெரியவருக்கு 8 பிராங்க். ஓபரர் லெட்டன், உன்டரர் லெட்டன் என்ற ஆற்றுக் குளியலிடங்கள் இரண்டும் இலவசம். ஏரியின் மேல்மட்டத் தண்ணீரே ஆறாக வெளியேறுவதால் கோடையில் இதமாகவே இருக்கும். மேலே இறங்கி, நீரோட்டம் இழுத்துப்போக, கீழே ஏணியைப் பிடித்து ஏறுவதுதான் முறை. முதல் ஏணியை விட்டால் அடுத்தது இருக்கிறது. கடைசி ஏணிவரை காத்திருக்காதீர்கள். நீச்சல் அரைகுறை என்றால் இறங்கவே வேண்டாம், கரையில் கால் தொங்கப் போட்டாலே போதும்.

ஒரு கூத்து அடிக்கடி நடக்கும். படத்தில் அழகாக இருக்கிறதே என்று ஸ்டாட்ஹவுஸ்குவாய் மரக் குளியலிடத்துக்கு ஜோடியாகப் போவார்கள். பகலில் அது பெண்களுக்கு மட்டும். ஷான்சன்கிராபன் ஆண்களுக்கு மட்டும். வாசலிலேயே பிரிய வேண்டியதுதான். கோடை இரவுகளில் இரண்டும் மதுக்கூடமாகி எல்லோரையும் விடுகின்றன. ஆனால் அது கோப்பைக் கணக்கு.

மழை வந்தால்

ஃப்ராவ்மூன்ஸ்டர் தேவாலயத்தில் ஓவியர் ஷகால் வரைந்த ஐந்து கண்ணாடிச் சாளரங்கள், 1970-இல் வைத்தவை. நுழைவு 5 பிராங்க். ஆற்றுக்கு அக்கரையில் கிரோஸ்மூன்ஸ்டருக்குள் போகக் காசில்லை. அங்கே சிக்மார் போல்கே 2009-இல் முடித்த பன்னிரண்டு சாளரங்களில் ஏழு, மெல்லிய அகேட் கல் வில்லைகளைச் சேர்த்துச் செய்தவை. கல்லுக்குள் வெளிச்சம் ஊறி வருவதைக் கிட்டே நின்று பார்க்கலாம். காலையில் என்றால் ஷகாலுக்கு 5 பிராங்க் தகும், கிழக்கு வெளிச்சம் வேண்டும் அதற்கு. மழை மாலையில் அகேட் போதும்.

குளிர் கடுமையானால் மித்தன்குவாயில் உள்ள கள்ளிச் செடிகளின் கண்ணாடி இல்லம், இலவசம். பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தின் மூன்று குமிழ்க் கூடங்களும் இலவசம். வெப்பமண்டலக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி பூத்துப்போகும், ஈர மண்ணும் இலையும் சேர்ந்து நம்மூர் மழை மாதம்போல் மணக்கும். இவை எல்லாம் மாலை ஐந்தை ஒட்டி மூடிவிடும். வேலை முடித்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு ஆகாது.

சாப்பாடு

கட்டிக்கொண்டு போவதுதான் வழி. ஒரு பெட்டி ரோல்ஸ், ஃபிளாஸ்க்கில் தேநீர் இருந்தால் 80 பிராங்க் மிச்சம். தண்ணீர் வாங்கவே வேண்டாம். ஊரில் 1,200-க்கும் மேற்பட்ட ஊற்றுகள் ஓடுகின்றன, குடிக்கக்கூடாது என்று எழுதியிராதவற்றில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். வைன் வேண்டுமானால் மீக்ரோ சூப்பர்மார்க்கெட்டில் தேடாதீர்கள், அங்கே மது விற்பதில்லை, கோப் என்ற சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடி. முதன்மை ரயில் நிலையத்தின் நிலத்தடிக் கடைகள் திறந்திருக்கும், ஆனால் அங்கே வரிசை நீளம். சனிக்கிழமை கடை மூடும் நேரத்தை ஒட்டிப் போனால் 25, 50 சதவீதத் தள்ளுபடி ஒட்டிய சாண்ட்விச்சும் பழமும் கிடைக்கும். உட்கார ஒரு தடித்த விரிப்பும் எடுத்துப்போங்கள். ஏரிக்கரைப் புல் வெயில் போன பிறகு பனியில் நனைந்துவிடும்.