நடைவண்டி, சொப்பு, தலையாட்டி பொம்மை: எங்க பாப்பாவோட நீண்ட நாள் அனுபவம்

எங்க பாப்பாவுக்கு மூணு வயசு ஆகப்போகுது. அவ நடக்கறதுக்கு முன்னாடிலேர்ந்தே வீட்ல இருக்கற பழைய காலத்து பொம்மைங்க எப்படி உழைச்சிருக்கு, எத இன்னும் விடாம விளையாடறா, எது மூலைக்கு போச்சுன்னு எழுதறேன், கைக்குழந்தை இருக்கறவங்களுக்கு யூஸ் ஆகும்.

முதல்ல நடைவண்டி. இதுக்கு ஈடா எங்க வீட்ல எதுவும் கிடையாது. மயிலாப்பூர் மாட வீதி பக்கம் பெயிண்ட் அடிக்காத வெறும் மரத்துல வாங்கினோம். உள்ள உக்கார வெக்கற பிளாஸ்டிக் வாக்கர் மாதிரி இல்ல இது, குழந்தை தானே எழுந்து நின்னு கட்டைய புடிச்சு கால ஊனி தள்ளணும். அந்த சக்கரம் வெச்ச வாக்கர கனடாவுல 2004லயே தடை பண்ணிட்டாங்க, படிக்கட்டுல உருண்டு அடிபடற குழந்தைங்க அதிகம்னு. நம்ம ஊர்ல இன்னும் கடைக்கு கடை தொங்குது, அதான் சொல்றேன்.

நல்லா நடக்க ஆரம்பிச்சதும் பரண்ல போட்டுடலாம்னு மாமியார் சொன்னாங்க, பாப்பா விடல. கவுத்து போட்டு சக்கரத்த சுத்தி விட்டு அது நிக்கற வரைக்கும் கண்ண எடுக்காம பாத்துட்டு இருப்பா. அப்புறம் அதுவே தண்ணி லாரி ஆச்சு, எல்லாரும் குடத்தோட வரிசைல நிக்கணும். இப்போ காய்கறி வண்டி, "தக்காளீ"ன்னு ஹால் பூரா கூவிட்டு போறா, நாம பேரம் பேசியே ஆகணும், சும்மா வாங்கினா கோவம் வந்துடும். பிறந்தநாளுக்கு வந்த பேட்டரி பொம்மைங்க பட்டன அமுக்கினா அதுவே பாடுது அதுவே ஆடுது, பாப்பாவுக்கு அதுல செய்ய ஒண்ணுமே இல்ல, கொஞ்ச நாள்ல விட்டுட்டா. காசு மாதிரி குட்டியா வட்டமா இருக்கற பட்டன் பேட்டரி போடற பொம்மையா இருந்தா மூடில ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க ப்ளீஸ், முழுங்கி தொண்டைல மாட்டினா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள அரிச்சுடும்.

நடைவண்டில ஒரே தொல்லை, வழவழ டைல்ஸ்ல சக்கரம் சுத்தாம வழுக்கிட்டு போகும், குழந்தை முன்னாடி சாயும். பழைய சைக்கிள் ட்யூப வெட்டி சக்கரத்து மேல மாட்டினோம், சரியாயிடுச்சு, கீழ் வீட்டுக்கு சத்தமும் குறைஞ்சுது. ஐப்பசி கார்த்திகை மழைல மரம் ஊதி அச்சு இறுகும், துளி தேங்காண்ணெய் போதும்.

அடுத்து சொப்பு சாமான். கர்நாடகால சன்னபட்ணாங்கற ஊர்ல மரத்துல கடைஞ்சது வெச்சிருக்கோம், வெட்பாலை மரம், கடைசல்ல சுத்தும்போதே அரக்கு குச்சிய அழுத்தி பிடிப்பாங்க, அந்த சூட்டுல அரக்கு இளகி கலர் ஏறிடும், கடைசியா தாழை ஓலையால தேச்சு பளபளப்பு ஏத்துவாங்க. இவ்ளோ நாள் வாய்ல வெச்சு கடிச்சும் கலர் பெருசா போகல. தண்ணில மட்டும் ஊற போடாதீங்க, ஈரத்துணியால துடைச்சா போதும். ஆனா செட்ல வர்ற குட்டி குழவி, கரண்டி, மூடி எல்லாத்தையும் எடுத்து கொலு பெட்டில வெச்சுட்டேன். மூணு வயசுக்குள்ள குழந்தைக்கு 31.7 மில்லிமீட்டர் அகல குழாய்க்குள்ள அடங்கற சின்ன பார்ட் இருக்கக்கூடாதுங்கறது பொம்மை சேஃப்டி டெஸ்ட்ல இருக்கற அளவு.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை பாக்க ஆசையா இருக்கும், அடி கனமா இருக்கறதால எப்படி தள்ளினாலும் எழுந்துக்கும், பாப்பா அதுக்கு சோறெல்லாம் ஊட்டுவா. நக்கினா பெயிண்ட் வரும், அதனால நாம பக்கத்துல உக்காந்தா மட்டும்தான் கீழ எடுக்கறது. ஓலை கிலுகிலுப்பை எச்சில்ல ஊறி சீக்கிரம் பிரிஞ்சுடுச்சு, உள்ள என்ன போட்ருக்காங்கன்னு கேட்டு வாங்குங்க, குன்றிமணின்னா வேண்டவே வேண்டாம், கடிச்சா விஷம்.

2021 ஜனவரிலேர்ந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், ஆனா பதிவு பண்ண கைவினைக்காரங்களுக்கு விலக்கு இருக்கு. அதனால கோயில் வாசல்ல வாங்கும்போது முத்திரை இருக்காது, நாமதான் தடவி பாக்கணும், சிலும்பு குத்துதா, ஆணி தலை நீட்டுதான்னு. நடைவண்டின்னா கடைலயே தரைல வெச்சு ஒரு தடவ தள்ளி பாத்துடுங்க, மூணு சக்கரமும் தரைய தொடணும்.