ஆயில் குடிக்கும் இன்ஜின்: வால்வ் சீலா, பிஸ்டன் ரிங்கா?

காருக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, டிப்ஸ்டிக்கில் மட்டும் அளவு இறங்கிக்கொண்டே போகிறது என்றால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது. பெட்ரோல் காரில் அது உள்ளே போகும் வழி பெரும்பாலும் இரண்டுதான்: மேலே வால்வ் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் சீல், கீழே பிஸ்டன் ரிங். சீல் சின்ன வேலை. ரிங் என்றால் இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டும். அதனால் "ரிங் போச்சு சார்" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். புகை எப்போது வருகிறது என்று பாருங்கள்.

எங்கள் பழைய காரைக் காட்டிக்கொடுத்தது மலை இறக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு செகண்ட் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறங்கினோம். சமதளம் வந்து மிதித்ததும் பின்னால் குப்பென்று நீலப் புகை. சற்று நேரத்தில் காணோம். இது சீலின் குணம். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது உண்டாகும் வெற்றிடம், விறைத்துப்போன சீலைத் தாண்டி ஆயிலை உறிஞ்சுகிறது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் புகைத்தாலும் இதே கதைதான்.

ரிங் தேய்ந்திருந்தால் புகை அப்படி நிற்காது. ஏற்றத்திலும் ஓவர்டேக்கிலும் கூடும். கம்ப்ரஷன் (பிஸ்டன் அழுத்தும்போது உண்டாகும் அழுத்தம்) குறைவாக இருக்கும் சிலிண்டரில், பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைப்பதால் எண் ஏறும். ஆனால் பிஸ்டனில் மூன்றாவதாக இருந்து ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து ஒட்டிக்கொண்டால், கம்ப்ரஷன் நன்றாகவே இருக்கும், ஆயிலும் குறையும். அங்கே இந்தச் சோதனையை நம்ப முடியாது. டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின் ஆயில் குடித்ததற்கு, அமெரிக்காவில் 2007-2009 கேம்ரி கார்கள் பலவற்றுக்கு அந்த நிறுவனமே பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தது.

இரண்டுக்கும் முன்னால் பிசிவி வால்வை, அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் சின்ன வால்வைப் பார்த்துவிடுங்கள்; அடைத்திருந்தால் அதுவே ஆயிலைத் தள்ளும். கெட்டி ஆயில் ஊற்றிச் சமாளிப்பதை நான் ஏற்க மாட்டேன். கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவே. எரியும் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுப்பது நிற்காது.

எங்கள் காருக்கு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றவே இல்லை. பிளக் துளைக்குள் நைலான் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மேலேற்றி, வால்வ் உள்ளே விழாமல் தாங்கக் கொடுத்துவிட்டு மெக்கானிக் அண்ணன் சீல்களை ஒவ்வொன்றாக மாற்றினார். கழற்றியதை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் வளையவில்லை, உடைந்தது.