சனசமூக நிலையத்துக்குச் சீலைச் சோடனை: கூப்பிடலாமா?

திருகோணமலையில் சோடனை என்றால் வாழை, தோரணம், கலர் பல்ப் மாலை, வாசலில் ஒரு வளைவு. கோணேசர் நகர்வலம் வரும்போது தெருவே மாறிப்போகும், வெசாக்குக்குப் பந்தல் எழும்பும். ஆனால் நிற்கிற கட்டடத்தையே சில நாளைக்கு வேறு கட்டடமாக்கித் தருகிறோம் என்று ஒரு சோடனைக் குழு வந்து சொன்னபோது எங்கள் நிலைய நிர்வாகத்தில் பாதிப்பேர் நம்பவில்லை. ஆண்டு விழாவுக்குத் துணிந்து கூப்பிட்டோம். கோயில் சபை, பள்ளிக்கூடம் என்று இப்போது பலர் என்னிடம் விசாரிப்பதால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது பழைய கட்டடம். சுண்ணாம்புச் சாந்துச் சுவர், முன் விறாந்தையில் உருண்டைத் தூண்கள், ஓட்டுக் கூரை. இவர்கள் முன்பக்கம் முழுவதையும் வெள்ளைச் சீலையால் போர்த்தி, இரவில் அதன்மேல் புரொஜெக்டரால் படம் விழுத்தினார்கள். என் முதல் பயம் ஆணி. பழைய சாந்தில் ஓர் ஆணி இறங்கினால் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழும். "ஆணி ஒன்றும் அடிக்க மாட்டோம் அண்ணை" என்று பொறுப்பாக வந்த தம்பி சொன்னார், சொன்னபடியே செய்தார். சீலை கட்ட நிறுத்திய சாரத்தின் கால்களுக்குக் கீழே பலகை, கயிறு தூணைச் சுற்றும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூப் துண்டு. கயிறு எவ்வளவு இறுகினாலும் சாந்தில் ஒரு கோடுகூட விழவில்லை. தூணுக்குத் தூண் சீலையைக் கையாலேயே மடித்து மடித்துப் பிடித்தார்கள், அதனால் உள்ளே இருக்கும் தூணின் உருண்டை வெளியே அப்படியே தெரிந்தது. இந்த ஒரு வேலைக்கே காசு கொடுக்கலாம்.

காற்றைப் பற்றியும் யோசித்திருந்தார்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் இங்கே பெரிய சீலையை ஒரே துண்டாகக் கட்டினால் அது பாய்மரம்தான், சாரத்தையே இழுத்துவிடும். அதனால் துண்டு துண்டாக, நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டினார்கள். அப்படியும் ஒரு நாள் மத்தியானம் ஓர் ஓரம் கழன்று படபடத்தது, போன் எடுத்ததும் வந்து கட்டினார்கள். கீழ் விளிம்பை மானுக்கு எட்டாத உயரத்தில் நிறுத்தியது நாங்கள் கேட்காமலே செய்தது. டவுனில் சுற்றும் மான்கள் தொங்குவது எதையும் சப்பும் என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

இரவுப் படம் கொஞ்சம் ஏமாற்றம். எங்கள் பிள்ளைகள் வரைந்த வள்ளம், மீன், புறாத்தீவு எல்லாவற்றையும் கட்டடத்தின் அளவுக்கு வெட்டி, யன்னல் இருக்கும் இடத்தில் வெளிச்சம் விழாமல் மறைத்து, நன்றாகத்தான் தயாரித்திருந்தார்கள். வலப்பக்கத்தில் வள்ளம் தூணுக்குத் தூண் நகர்ந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் எதிரே நிற்கும் தெரு விளக்கை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புரொஜெக்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இருட்டு இல்லாத இடத்தில் நிறம் வெளுத்துவிடும், இடப்பக்கத்துப் படங்கள் பாதி அப்படித்தான் போயின. இடம் பார்க்கப் பகலில் மட்டும் வந்தால் இப்படித்தான் நடக்கும், இரவிலும் ஒருமுறை வந்திருக்க வேண்டும். ஜெனரேட்டரை மேடைக்குப் பக்கத்திலேயே வைத்ததும் பிழை, தலைவரின் பேச்சு பாதி கேட்கவில்லை.

"கழற்றப்போகிற சீலைக்கு ஏன் இவ்வளவு காசு, அதற்குப் பெயின்ட் அடித்திருக்கலாமே" என்று எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் கடைசி வரை கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு, பெரிய கட்டடங்களைச் சீலையால் சுற்றிய கலைஞர்களான கிறிஸ்டோ, ஜான் குளோட் தம்பதியின் கதையைச் சொன்னேன். பெர்லினில் ரைக்ஸ்டாக் என்ற ஜெர்மன் பாராளுமன்றக் கட்டடத்தைச் சீலையால் சுற்ற 1971 இலிருந்து அலைந்து, 1994 இல்தான் அனுமதி கைகூடி, 1995 இல் ஒரு லட்சம் சதுர மீட்டர் துணியால் போர்த்தினார்கள். இருந்தது இரண்டே வாரம். பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். செலவு முழுவதும் கிறிஸ்டோவின் ஓவியங்கள் போன்ற படைப்புகளை விற்ற காசு. பாரிஸ் வெற்றி வளைவைச் சுற்றும் எண்ணம் 1960களின் தொடக்கத்திலேயே அவருக்கு வந்தது. அது நிறைவேறியது 2021 இல், அவர் 2020 இல் இறந்த பிறகு, அதுவும் 16 நாளுக்கு. கழற்றிவிடுவோம் என்று தெரிந்தேதான் இத்தனை பாடும் பட்டார்கள். எங்கள் சீலை கழன்ற பிறகு, வருடக்கணக்காக அந்த வழியால் போய்வருகிறவர்கள் நின்று தூண்களை நிமிர்ந்து பார்க்கிறார்கள், வாசல் மேல் வளைவில் பூ வேலைப்பாடு இருப்பதை இப்போதுதான் கண்டதாகச் சொல்கிறார்கள். பெயின்ட் அடித்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் நம்பிக்கை.

கழற்றும் வேலையில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. சீலை, சாரம் எல்லாம் ஒழுங்காக இறங்கியது, சுவரில் ஓர் அடையாளம் இல்லை. ஆனால் வயர் கட்டிய பிளாஸ்டிக் பட்டிகளை வெட்டி வெட்டி முற்றத்திலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிளாஸ்டிக்கைத் தின்று மான் சாகிற ஊர் இது. பிள்ளைகளை வைத்து மண்ணைக் கிளறி நாங்கள்தான் பொறுக்கினோம். சீலையின் விளிம்புக்கு மானை நினைத்தவர்கள் இதையும் நினைத்திருக்கலாம்.

மொத்தத்தில் கூப்பிடலாம். பழைய கட்டடம் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கூப்பிடலாம், கையில் பக்குவம் உண்டு. செலவில் பெரும்பங்கு சாரத்துக்கும் ஆள் கூலிக்கும்தான் போகிறது, அதனால் கட்டடத்தின் உயரத்தைச் சரியாகச் சொல்லி விலை கேளுங்கள். முற்பணம் கொடுக்கும் அன்றே எழுதி வாங்க வேண்டியவை: இரவில் இடம் பார்க்க வருவது, ஜெனரேட்டர் வைக்கும் இடம், முற்றம் துப்புரவாக்கித் தருவது. மாரி மழை தொடங்கிய பிறகு வேண்டாம், நனைந்த சீலையின் பாரத்தைப் பழைய தூண் தாங்க வேண்டியதில்லை.