அம்பருக்குள் கூன்வண்டு: பழைய குடும்பமா, புதுக் குடும்பமா?

அம்பரில், அதாவது கல்போல் இறுகிய பழங்கால மரப்பிசினில், சிக்கிய நீள்மூக்குக் கூன்வண்டுக்கு ஒரு பெயர் வைப்பதில் பெரிய தகராறு வருவதில்லை. அதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்பதில்தான் நிபுணர்கள் முட்டிக்கொள்கிறார்கள். இன்று வாழும் கூன்வண்டுகளில் விவரிக்கப்பட்டவை மட்டுமே சுமார் 60,000 சிற்றினங்கள். அவற்றைச் சிலர் 7 குடும்பங்களில் அடக்குகிறார்கள், சிலர் 20க்கும் மேலாகப் பிரிக்கிறார்கள். உயிரோடு இருப்பவற்றிலேயே இந்த நிலை என்றால், கிட்டத்தட்ட 10 கோடி ஆண்டுப் பழையதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதல் வழி, வாழும் குடும்பங்களுக்கான அடையாளத் திறவுகோலை அப்படியே புதைபடிவத்துக்கும் பயன்படுத்துவது. உணர்கொம்பு நேராக இருக்கிறதா, முழங்கைபோல் மடங்கியிருக்கிறதா? மேலுதடு தனித்துத் தெரிகிறதா? இப்படிச் சில கேள்விகளில் வேலை முடிந்துவிடும். ஏறக்குறைய 1.5 முதல் 2 கோடி ஆண்டு வயதுள்ள டொமினிக்கன் குடியரசின் அம்பருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. வட ஐரோப்பாவின் பால்டிக் கடலோர அம்பருக்கும் பெரும்பாலும் பொருந்தும். அங்கே தொல்லை வேறு: பூச்சியின் ஒரு பக்கத்தை வெண்படலம் மூடியிருக்கும், பார்க்க வேண்டிய உறுப்பு சரியாக அதற்கு அடியில்தான் இருக்கும்.

மியான்மரின் கச்சின் பகுதி அம்பரில், சுமார் 9.9 கோடி ஆண்டு ஆழத்தில், இந்த வழி தடுமாறுகிறது. அங்கே கிடைக்கும் பல கூன்வண்டுகளுக்கு உணர்கொம்பு மடங்கியிருக்கிறது. திறவுகோலை நம்பினால் நேராக, இன்று வாழும் கூன்வண்டுகளின் மிகப் பெரிய குடும்பமான குர்குலியோனிடேயில் போய் விழும். ஆனால் உணர்கொம்பின் நுனிக்குமிழைப் பாருங்கள்: குர்குலியோனிடேயில் கணுக்கள் நெருங்கி ஒரே கட்டியாக இருக்கும், இவற்றில் தளர்வாகப் பிரிந்து நிற்கின்றன. 2006இல் அம்பர் புதைபடிவ ஆய்வாளர் ஜார்ஜ் பாய்னர் இவற்றில் ஒன்றுக்கு மீசோஃபைலெடிஸ் என்று பெயரிட்டு, அதற்கென ஒரு துணைக்குடும்பமும் அமைத்தார். பின்னால் வந்த ஓர் ஆய்வு அதை மீசோஃபைலெடிடே என்ற தனிக் குடும்பமாகவே உயர்த்தியது. இதுதான் இரண்டாவது வழி.

இதை ஏற்றால், மடங்கிய உணர்கொம்பு ஒருமுறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். எனக்கு அதில் சங்கடம் இல்லை. மூக்கு நீண்டால் உணர்கொம்பை மடக்கி வைப்பது வசதிதானே. முதல் வழியின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. குடும்பங்கள் எப்போது பிரிந்தன என்று மூலக்கூறு கடிகாரத்தால் (டிஎன்ஏ வேறுபாடுகளின் அளவை வைத்துக் காலம் கணிக்கும் முறை) கணிப்பவர்கள் இந்தப் புதைபடிவங்களைத்தான் நங்கூரமாக வைக்கிறார்கள். தவறான குடும்பத்தில் நங்கூரம் போட்டால் பரிணாம உறவு மரத்தின் காலக்கணக்கு முழுவதும் நகர்ந்துவிடும். அதே நேரம், புதுக் குடும்பமும் நாளடைவில் கண்டதையும் போடும் மூட்டையாகிவிடலாம். கச்சினில் கிடைத்தது, மடங்கிய உணர்கொம்பு உண்டு, அப்படியானால் மீசோஃபைலெடிடே என்று முடித்துவிடும் பழக்கம் நல்லதல்ல.

மூன்றாவது வழியில், பண்புகளை அட்டவணையாக்கி, வாழும் கூன்வண்டுகளின் டிஎன்ஏ தந்த உறவு மரத்தில் புதைபடிவத்தைக் கணினி வழியாகப் பொருத்துகிறார்கள். புதைபடிவத்தின் டிஎன்ஏ இதில் கிடையாது. 1993இல் லெபனான் அம்பரின் ஒரு கூன்வண்டிலிருந்து 12 முதல் 13.5 கோடி ஆண்டுப் பழைய டிஎன்ஏ எடுத்ததாகப் பரபரப்பாக அறிவித்தார்கள். பிறகு அம்பர் பூச்சிகளில் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை, கலப்படம் என்றுதான் இன்று கருதுகிறார்கள். சரி, அட்டவணையாவது உதவுமா? கட்டங்கள் நிரம்பினால் உதவும். பாதி காலியாக இருந்தால், கணினி சொல்லும் இடத்துக்கு அதிக மதிப்பில்லை.

அந்தக் கட்டங்களை நிரப்ப, எக்ஸ்ரேயால் உள்ளமைப்பை முப்பரிமாணமாகக் காட்டும் மைக்ரோ சிடி கைகொடுக்கிறது. தலையின் அடிப்பக்கத் தையல்கோடுகளை அம்பரை மேலும் தேய்க்காமல் பார்க்கலாம். ஆனால் பூச்சிக்கும் பிசினுக்கும் அடர்த்தி வேறுபாடு குறைவாக இருந்தால் படம் மங்கும், அப்போது நுண்ணோக்கிதான் கதி.

என் தேர்வு: டொமினிக்கன், பால்டிக் மாதிரிகளுக்குத் திறவுகோலே போதும். கச்சினுக்குத் தனிக் குடும்பம், ஆனால் நுனிக்குமிழையும் கால் நகங்களையும் தெளிவாகப் பார்த்த பிறகு. அட்டவணை இரண்டையும் சோதிக்க மட்டும். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புதிய சிற்றினம் அறிவிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கூன்வண்டுகளில் பலவற்றுக்கு ஆணின் மூக்கும் பெண்ணின் மூக்கும் நீளத்தில் வேறுபடும், ஆகவே ஒரு ஜோடியே இரண்டு சிற்றினங்களாகப் பதிவாகிவிட வாய்ப்பிருக்கிறது.